ஏழாவது கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை.

சித்தி பகுதிநேரமாக ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆகியிருக்கிறார். தெருவெல்லாம் அலைந்தும் ஒருவரும் சேரவில்லை. "முதல்ல சொந்தக்காரங்கதான். உங்கப்பா பேர்ல எழுதுடி, உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்று படிவத்தை நீட்டினார். ஏழாவது கேள்வி, இதய நோய் உண்டா? "அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. இல்லைன்னு போடு" என்றார். போட்டுவிட்டேன்.

என்னைச் சித்தி வீட்டுக்கு வழியனுப்பிய அன்று பேருந்து நிலையத்தில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை, நீங்கள் கேட்டுக்கொண்டபடி, யாரிடமும் சொல்லவில்லை. படிவம் உங்கள் கையெழுத்துக்குத் தபாலில் வரும். அதற்குள் டாக்டரிடம் போய்விடுங்கள். என் பழைய போர்வையை அனுப்புங்கள், இங்கே தூக்கம் வரவில்லை.

சித்தி புரண்டு படுக்கிறார், விளக்கை அணைக்க வேண்டும். டாக்டரும் 'இல்லை' என்றால் மட்டும் நான் எழுதியதை அப்படியே விட்டுவிடுங்கள், அப்பா.

உங்கள் மகள்