ஏற்றத்தில் கிடைத்த கொடுவா

ரங்கூன்,
8-2-1966

அன்புள்ள செலினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். மணப்பாட்டில் நீயும் பிள்ளையும் சுகமா? மாமாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? மாமா, அத்தைக்கு என் தோத்திரம் சொல்.

ஞாயிறு பூசை முடிந்து பக்கத்து வீட்டு கோ மியிண்ணோடு ஆற்றுமுகத்துக்குத் தூண்டில் போடப் போனேன். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஒரு மீனும் தொடவில்லை.

"இங்கே மீனே இல்லை, போவோம்" என்றார் அவர்.

"வத்தத்துல போடாதடா, தண்ணி திரும்பட்டும்" என்று உன் தம்பியைத் திட்டுவாயே, அது ஞாபகம் வந்தது. அவரையும் இருக்கச் சொன்னேன். கடல் தண்ணீர் திரும்பி ஏற்றம் தொடங்கிக் கால்மணி ஆகவில்லை, முழ நீளக் கொடுவா மீன் ஒன்று தூண்டிலைக் கடித்தது! அந்தச் சந்தோஷத்தில், நான் நின்ற திட்டுக்குப் பின்னாலும் தண்ணீர் ஏறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. இடுப்பளவுதான், பயப்படாதே. கோ மியிண் மூங்கிலை நீட்டிக் கரைக்கு இழுத்துவிட்டார். ஒரு செருப்பு போயிற்று. மீனை நான் விடவில்லை.

குழம்பு வைத்தேன். பழக்கத்தில் தலையை உனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.

ஊருக்கு வர அனுமதி கேட்டு மூன்றாவது மனுவும் கொடுத்தாயிற்று. பதில் வரவில்லை.

பௌர்ணமி கழிந்தால் ஏற்றம் நாளுக்கு நாள் எவ்வளவு பிந்தும் என்று எழுது. நீந்தத் தெரியாதவனுக்கு அது அவசியம். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். உன் கடிதமெல்லாம் தம்பி கையெழுத்தில்தான் வருகிறது. இதை மட்டும் நீயே எழுது. எழுத்து கோணினால் என்ன?

உன்,
அமிர்தநாதன்