மஞ்சள் விளக்கின் மேல் பிள்ளையார்

ஜூலை 1, செவ்வாய்

காற்று. இரவு முழுக்கக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில்.

கார் வந்து ஆறு நாள். வெள்ளை நிறம், ஜெர்மன் சாதி, பன்னிரண்டு வருடப் பழசு. பதுளைப் புரோக்கர் சொன்னது: ஒரே ஓனர், டொக்டர் ஓடினது, மழையில்கூட வெளியே எடுக்கவில்லை. பதுளையில் இருந்துகொண்டு மழையில் கார் எடுக்காத டொக்டர் யார் என்று கேட்டேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

இதற்காக வேனை விற்றார். பதினோரு வருடம் சிமெந்து மூட்டை, தகரம், என்னுடைய கிளினிக் தராசு எல்லாம் சுமந்த வேன். ஒரு நாள் வழியில் நின்றதில்லை. ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவருக்கு லெதர் சீட் எதற்கு? இனி எல்லாரும் மொதலாளி என்று கூப்பிடுவார்களாம். கூப்பிடுகிறார்கள்தான். இவர் தலை மறைந்ததும் சிரிக்கிறார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம்.

சகிக்க முடியாதவை:
– நாற்றம். ஹீட்டர் போட்டால் மூன்று நாள் வைத்த வடை எண்ணெய் வாசம். எண்ணெய் எங்கோ கசிந்து சூட்டில் கருகுகிறது. எனக்கே புரிகிறது.
– காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் அரை நிமிடம் கடகட. டின்னுக்குள் காய்ந்த பட்டாணியைப் போட்டு ஆட்டுவது போல.
– நீலப் புகை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள்.
– மீட்டருக்குள் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. அணையவே இல்லை. "குளிருக்கு அப்படித்தான்" என்கிறார்.

நேற்று வாகன பூஜை. டயருக்கடியில் நாலு எலுமிச்சம்பழம். மூன்று நசுங்கின, நாலாவது உருண்டு ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் போய்விட்டது. பூசாரி ஒட்டுகிற பிள்ளையார் படம் ஒன்று கொடுத்தார், காசளவு. எங்கே ஒட்டுவது என்று இவர் இன்னும் யோசிக்கிறார்.

வாங்க: பருப்பு, மஞ்சள் தூள், மண்ணெண்ணெய்.

ஜூலை 4, வெள்ளி

மாதக் கிளினிக், கொஸ்லந்தப் பக்கம். கார் எஸ்டேட் ரோட்டில் இறங்காது, வயிறு கல்லில் தட்டும். தராசை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மிட்வைஃப் வேலைக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் இப்போதுதான் முதலாளி வீட்டம்மா, இப்போதுதான் ஆட்டோ.

புஷ்பா வந்திருந்தாள். குவைத்திலிருந்து திரும்பி ஒரு மாதம். மகளுக்கு இரண்டு வயது முடிந்த மறு மாதமே போனவள். வயிற்றில் இருந்ததிலிருந்து நான் பார்க்கிற பிள்ளை அது. இந்த இரண்டரை வருடமும் மாதாமாதம் எடை பார்த்து, கார்டைப் படம் பிடித்து, அவளுக்கு அனுப்பியதும் நான்தான். பிள்ளை அம்மாவிடம் ஒட்டவில்லை. என் சேலைக்குப் பின்னால் ஒளிகிறது. புஷ்பா அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

தராசில் ஏற்றினேன். பார் புஷ்பா, அரைக் கிலோ கூடியிருக்கிறது என்றேன். அவள் குனியக்கூட இல்லை.

"நீங்க சொன்னா சரிதான் மிஸ்ஸி."

புருஷன் ரவி கல்யாணக் கார் ஓட்டப் போகிறானாம். எஸ்டேட்டில் இப்போது எந்தக் கல்யாணப் பெண்ணும் வெள்ளைக் கார் இல்லாமல் கோயிலுக்குப் போவதில்லை. அவள் கொண்டுவந்ததை எல்லாம் அதில் போடுவதாக முடிவு. தொழில் ஓடினால் திரும்பக் குவைத்துக்குப் போக வேண்டியதில்லை. ஓடாவிட்டால் ஏஜென்சிக்காரன் தைமாதம் டிக்கெட்டோடு நிற்கிறான்.

நல்லபடியாக நடக்கட்டும் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

பதுளையில் இவருடைய மச்சானின் புது வீட்டுப் பால் காய்ச்சு. இவர் வெள்ளை வேட்டி, நான் பச்சைச் சேலை. பெரகலைச் சந்தி தாண்டி ஹப்புத்தளை ஏற்றத்தில் மீட்டரில் சிவப்பு விளக்கு, டிங் டிங் என்று மணி. பானட் ஓரத்தில் ஆவி. நிறுத்தினார். நிறுத்திய இடம் பீலிக்கு நேரே. மலைத் தண்ணீர் குழாய் வழியாக ரோட்டோரம் கொட்டுகிற இடம். கை வைத்தால் விரல் மரத்துப்போகும் தண்ணீர்.

அரை மணி ஆற விடுங்கள் என்றேன். கேட்கவில்லை.

"எங்கப்பா முப்பது வருசம் இதே பீலியிலதான் லொறிக்குத் தண்ணி ஊத்துனாரு. ஒனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"

ரேடியேட்டர் மூடியைத் திருகினார். ஆவி சீறி முழங்கை வெந்தது. அப்படியும் விடாமல் ஒரு கேன் பச்சைத் தண்ணீரைக் கடகடவென்று ஊற்றினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வண்டி நடுங்கியது. வெள்ளைப் புகை. கடைசியில் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போனது. பஸ் ஹால்ட்டில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "தொரை வண்டிக்குக் கயிறு கட்டிட்டாங்கடோய்" என்று ஒரு குரல். நான் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

பால் காய்ச்சுக்குப் போகவில்லை. வாங்கின குத்துவிளக்கு அலமாரியில்.

ஜூலை 8, செவ்வாய்

பண்டாரவளை கராஜ். மெக்கானிக் சுனில் பாஸ். சிங்கள ஆள், தமிழ் நன்றாகவே பேசுகிறார். எண்ணெய் மூடியைக் கழற்றி உள்பக்கம் காட்டினார். பால் தேத்தண்ணீர் நுரை மாதிரி ஒட்டியிருந்தது. எண்ணெயும் தண்ணீரும் உள்ளே கலந்துவிட்டதாம்.

இந்தக் கார்களுக்கு வழக்கமாக வருகிற நோய்கள்தான் என்று விரல் விட்டார். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் பத்து வருடத்தில் வெடிக்கும், எண்ணெய் சீல் காய்ந்து கசியும், செயின் தளர்ந்து கடகடக்கும். எல்லாம் செய்து கொடுக்கலாம். குழாய் ஒரு நாள் வேலை.

"ஆனா பச்சத்தண்ணி ஊத்தினது யாரு மாத்தயா? ஹெட் வெடிச்சிருக்கு. லொறிக்கு இரும்பு, தாங்கும். இது அலுமினியம்."

இவர் மேலே கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே வார்த்தை: அந்தப் புரோக்கர் நாய் என்னை ஏமாற்றிவிட்டான். இரண்டு மணி நேரம் அதையே சொன்னார். தண்ணீர் ஊற்றிய கையில் கொப்புளம், அதில் என் மருந்து, வாயில் புரோக்கர்.

ஜூலை 10, வியாழன், போயா

பௌர்ணமி லீவு, கடை பூட்டு. கார் வீட்டுக்கு வந்துவிட்டது. பாஸ் சொன்ன செலவு கட்டாது என்று வேலை கொடுக்கவில்லை. இவர் வேறு யாரையோ பிடித்து ஓட்டையை அடைக்கிற திராவகம் ஒரு டின், கட்டி எண்ணெய் ஒரு கேன் ஊற்றியிருக்கிறார். கொஞ்ச தூரம் ஓடுமாம், விற்கிற வரைக்கும்.

சமைக்கப் போனால் மஞ்சள் தூள் பக்கெட்டைக் காணோம். அதையும் ரேடியேட்டரில் போட்டிருக்கிறார். கசிவு அடைக்குமாம். அப்பா சொன்ன வைத்தியம். மஞ்சள் போடாமல் பருப்பு வைத்தேன். இவர் சாப்பிடவில்லை.

விளக்கு மட்டும் போகவில்லை. மெஷின் வைத்து அழித்தாலும் இருபது நிமிடத்தில் திரும்ப எரிகிறது. அதனால் பிள்ளையார் படத்தை எடுத்து, மீட்டர் கண்ணாடியில், சரியாக அந்த விளக்குக்கு மேலே ஒட்டிவிட்டார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் உடம்பெல்லாம் கூசியது. சாமியை வைத்து மறைக்கிற பொய்.

யாருக்கு விற்கப் போகிறார் என்று கேட்கவில்லை. பின்பக்கம் போனில் பேசியது காதில் விழுந்தது. "மிஸ்ஸி வூட்டுக் காருதானே தம்பி. மிஸ்ஸிகிட்டயே கேட்டுப் பாருங்க."

ரவி. புஷ்பாவின் ரவி.

போய் முன்னால் நின்றேன். அந்தப் பிள்ளையை நான் மாதாமாதம் தூக்கி எடை பார்த்தவள் என்றேன். என் பேரைச் சொல்லி அந்த வீட்டில் பிச்சை எடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். கத்தவில்லை. இவரும் கத்தவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பு.

"நீ பொய் சொல்ல வேணாம் சாந்தி. சும்மா இரு, அது போதும். என்னைய ஏமாத்துனப்ப யாரு வந்து சொன்னா?"

ஏமாந்தவன் ஏமாற்றலாம் என்று எந்தச் சாமி சொன்னது. சீ.

ஜூலை 11, வெள்ளி

காற்று நிற்கவில்லை. மூன்று வீடு பார்த்தேன். ஒரு பிரசவம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஆண் குழந்தை.

மத்தியானம் புஷ்பா போன். கார் நல்லதுதானே மிஸ்ஸி என்று கேட்டாள்.

வந்து பாருங்க, ஓட்டிப் பாருங்க என்றேன்.

நல்லது என்று சொல்லவில்லை. கெட்டது என்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். இவர் கேட்டது அதுதானே.

ஜூலை 12, சனி

நாளைக்கு வருகிறார்கள். சீட்டைத் துடைத்து வை என்றார். துடைத்தேன். ஈரத் துணியால் ஒரு தடவை, தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு தடவை. பளபளவென்று வந்தது. பாதியில்தான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அப்படியும் மீதிப் பாதியைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இவரைத் திட்டி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். முதல் நாள் எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் காரின் பின்னால் ஓடி வந்தபோது கண்ணாடியை இறக்கிக் கையாட்டினவள் நான்தான்.

சொன்னால்: இருபத்தி மூன்று வருடம் கூட இருந்த மனுஷனை நடு ரோட்டில் வைத்து அவமானப்படுத்துவது. கடையில் பாதிக்கு மேல் இந்தக் காருக்குள் போய்விட்டது, அதையும் கெடுப்பது. சொல்லாவிட்டால்: தைமாதம், டிக்கெட், அந்தப் பிள்ளை மறுபடியும் என் சேலைக்குப் பின்னால்.

சோறு இறங்கவில்லை. தலைவலி மாத்திரை இரண்டு.

ஜூலை 13, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வந்தார்கள். ரவி, புஷ்பா, பிள்ளை. மூன்று பேரும் புது உடுப்பு. பிள்ளைக்குக் குவைத்தில் வாங்கின சிவப்பு சட்டை, இரண்டு சைஸ் பெரிது.

அவர்கள் வருவதற்கு முன்னால் இவர் கால் மணி நேரம் எஞ்சினை ஓட விட்டுச் சூடாக்கிவிட்டார். கடகட கேட்காது. விளக்கும் அழித்தாயிற்று. பிள்ளையார் மேலே, கற்பூர வாசம் உள்ளே.

ரவி ஓட்டினான், இவர் பக்கத்தில். பின்னால் நாங்கள். வேண்டாம் என்று இவர் கண் காட்டினார், நான் ஏறிக்கொண்டேன். பெரகலை வரை ஏறித் திரும்பினோம். ரவி ஸ்டியரிங்கைத் தடவித் தடவி ஓட்டினான். கல்யாணத்துக்கு முன்பக்கம் பூ எப்படிக் கட்டுவது என்று புஷ்பாவிடம் கேட்டான். பிள்ளை முதல் தடவையாக அம்மா மடியில் படுத்துத் தூங்கியது. புஷ்பா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், எழுந்துவிடும் என்று பயந்து.

அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

நிறுத்தச் சொன்னேன். முன்பக்கம் எட்டி, நகத்தால் பிள்ளையாரைக் கிள்ளி எடுத்தேன். பாதி கிழிந்து வந்தது. அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"எஞ்சின் வெடிச்சிருக்கு ரவி. வாங்காதீங்க."

இவர் கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தே போனார். ரவி இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தான். சுட்டது போல. நான் புஷ்பாவைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"எப்ப இருந்து தெரியும் மிஸ்ஸி?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

அவள் விரல் மடக்கி எண்ணினாள். "வெள்ளிக்கிழம போன்ல கேட்டேனே."

அவ்வளவுதான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

இவர் ஒரு வாரமாகக் கடையில்தான் படுக்கிறார். சாப்பாடு கட்டி அனுப்புகிறேன், பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது. கார் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில். எலி புகுந்து வயரைக் கடித்திருக்கிறதாம். கடிக்கட்டும்.

மஞ்சள் தூள் வாங்கினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தூறல். காற்று குறைவு. ஆட்டோவில் கொஸ்லந்த, கிளினிக். கிழவிகள் காரைப் பற்றிக் கேட்டார்கள், கதை அதற்குள் எல்லா லயத்துக்கும் போயிருக்கிறது. நல்ல காரியம் செஞ்சீங்க மிஸ்ஸி என்று ஒருத்தி. நான் அடுத்த கார்டை எடுத்தேன்.

புஷ்பா வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. கடைசியில் வந்தாள். ரவி ஒரு பழைய வேன் பார்க்கிறானாம், பாஸைக் கூட்டிக்கொண்டு போய். குவைத்துக்குப் போகவில்லை. இதையும் பக்கத்தில் நின்றவளிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. பிள்ளை அவள் கையை விடவில்லை.

தராசில் நிற்க வைத்தேன். கால் கிலோ கூடியிருக்கிறது என்றேன்.

புஷ்பா குனிந்து முள்ளைப் பார்த்தாள்.