பூசையில் வாசிக்காத பெயர்

3 ஜூன் 2025, செவ்வாய்

மெட்ரோவில் இன்றும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வைட்ஃபீல்டு கடைசி நிறுத்தம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு செக்யூரிட்டிப் பெண் தோளைத் தட்டினாள். தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. அப்படி என்ன யோசனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து ஆபீஸுக்குள் நுழையும்போது ஒன்பதே முக்கால். அஷ்வின் என்னைப் பார்த்தான், பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் எனக்கு மேலதிகாரி. வாய்விட்டுத் திட்டினால்கூடத் தேவலை.

மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்று: கோயில் ஆபீஸில் டாடி பூசைக்கு எழுதிக் கொடுப்பது. டாடி இறந்து வரும் பதினான்காம் தேதியோடு ஒரு வருடம். மாலை ஆறு மணித் தமிழ்ப் பூசை. சமையல், சொந்தக்காரர்களுக்குச் சொல்வது, கல்லறைக்குப் பூ எல்லாம் மம்மியும் தம்பி டேரிலும் பார்த்துக்கொள்கிறார்கள். "பேரு எழுதிக் குடுக்கறது மட்டும் உன் வேலை கேரல். அதையாவது செய்" என்றாள் மம்மி.

5 ஜூன், வியாழன்

நேற்று போக முடியவில்லை. இன்று லீவு போட்டுவிட்டே போனேன். சீட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினேன்: தியோடர், முதலாம் ஆண்டு நினைவு, 14 ஜூன், மாலை 6.

ஆபீஸ் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். மகளின் ஞானஸ்நானச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பாம், பள்ளிக்கூடத்தில் வாங்க மாட்டேன் என்கிறார்களாம். கோயில் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரோடு உட்கார்ந்து பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டி, ஒரு மணி நேரத்தில் சரியான பதிவைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். "நீ இங்கயே வேலைக்கு வந்துடும்மா" என்றார் உபதேசியார். ரொம்ப நாளைக்குப் பிறகு எதையோ ஒழுங்காகச் செய்த சந்தோஷம். சிவாஜிநகர் வரை நடந்தே போனேன்.

கோயில் ஆபீஸ் — ஆயிற்று.

14 ஜூன், சனி

வாசிக்கவில்லை.

15 ஜூன், ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். இதையும் மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மம்மி முதல் வரிசையில். ஓசூரிலிருந்து சித்தப்பா குடும்பம், கோலாரிலிருந்து அத்தை, எல்லோரும் பின்னால். பூசை தொடங்குமுன் உபதேசியார் மைக்கில் பெயர்களை வாசித்தார். ஏழு பெயர். அடுத்தது டாடி என்று கை கூப்பி நின்றேன். அவர் தாளை மடித்தார், பாட்டு ஆரம்பித்துவிட்டது. மம்மி ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அத்தை, "அண்ணன் பேரு சொல்லவேயில்லையே?" என்றாள். "நான்தான் எழுதிக் குடுக்க மறந்துட்டேன்" என்றாள் மம்மி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள். ஒரு அழைப்பைக்கூடத் தவறவிட்டதில்லை என்று இன்றும் பெருமை பேசுபவள். அத்தனை பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் பொய் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு கைப்பையைக் கவிழ்த்தேன். சீட்டு உள் ஜிப்பில் நாலாக மடித்தபடி இருந்தது. அன்று கோயில் ஆபீஸில் நடந்ததை மம்மியிடம் சொன்னேன்.

"கோயில் ஆபீஸுக்குள்ளயே ஒரு மணி நேரம் இருந்திருக்க. எவளோ ஒருத்தி பொண்ணுக்குத் தேதி தேடிக் குடுத்திருக்க. பெத்த அப்பன் பேரு உன் பையிலயே கெடக்குது." பிறகு, டாடியிடம் ஆயுள் முழுக்கச் சொன்ன அதே வார்த்தை. "பிரியம் இருந்தா மறக்குமா?"

கல்யாணமான புதிதில் டாடி அவளைச் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் மறந்துபோன கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கதை அந்த வார்த்தையில்தான் முடியும். டாடி தலையைக் குனிந்துகொள்வார். நேற்று நான் குனிந்துகொண்டேன்.

எனக்கு டாடி மேல் பிரியம் இல்லையா? இல்லையென்றால் ஒரு வருடமாக நெஞ்சில் கனக்கிறதே, அது என்ன?

22 ஜூன், ஞாயிறு

ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போதும் மம்மி வீட்டில்தான். இன்று போன் செய்தேன், எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மறுபடி. எடுக்கவில்லை. போன் அடித்து அவள் எடுக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. நீலசந்திராவில் என் அறைக்குக் கீழே இருக்கும் கடையில் பிரியாணி வாங்கி, பொட்டலத்தோடு வைத்துச் சாப்பிட்டேன். கீழ் வீட்டில் ஏதோ விசேஷம், ஒரே சிரிப்பு. ஜன்னலை மூடிவிட்டேன்.

9 ஜூலை, புதன்

தப்பான வாடிக்கையாளருக்குத் தப்பான ஃபைல் அனுப்பிவிட்டேன். இந்த மாதத்தில் இரண்டாவது. அஷ்வின் தனியாகக் கூப்பிட்டு, "கேரல், எல்லாம் ஓகேதானே? வீட்ல ஏதாவது ப்ராப்ளமா?" என்றான். அக்கறையாகத்தான் கேட்டான். அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துபோய் எழுந்து கதவைத் திறந்து வைத்தான்.

காபி மெஷின் மேல் ஒரு நோட்டீஸ் ரொம்ப நாளாக ஒட்டியிருக்கிறது. இன்றுதான் படித்தேன். "எதிரே இருப்பவர் பேசும்போது உங்கள் மனம் வேறெங்கோ போய்விடுகிறதா? தொடங்கிய வேலை முடியாமல் நிற்கிறதா? பொருள்கள் தொலைகின்றனவா?" கடைசியில் பெரிய எழுத்தில் ஏ.டி.எச்.டி.

ஆனால் அது டேரிலின் வியாதி ஆயிற்றே. எட்டு வயதில் அவன் பள்ளிக்கூட ஓட்டின் மேல் ஏறி நின்றதால் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அந்த வீட்டில் நான்தான் இருக்கிற இடம் தெரியாத பிள்ளை.

19 ஜூலை, சனி

நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் பேசி வாங்கிய சந்திப்பு இன்று. நான் நேற்றே போய் நின்றேன். ரிசப்ஷனில் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

உளவியலாளர் பெயர் ஸ்ரீவித்யா. தமிழிலேயே பேசினார், அதுவே பாதித் தெம்பு. ஓட்டின் மேல் ஏறுவது மட்டும்தான் இது என்று நினைப்பது தப்பாம். ஒரு வகையில் உடம்பு ஓரிடத்தில் நிற்காது, வாய் நிற்காது, நினைத்த மாத்திரத்தில் செய்துவிடுவார்கள். வயதானால் ஓட்டம் குறையும், ஆனால் உள்ளே ஒரு பரபரப்பு ஓயாமல் இருக்கும். இன்னொரு வகையில் உடம்பு பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், கவனம் மட்டும் எழுந்து போய்விடும். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

"ரெண்டாவது வகையை ஈசியா கவனிக்காம விட்டுடுவாங்க. முக்கியமா பொம்பளப் பிள்ளைங்ககிட்ட. தொந்தரவு குடுக்காதவங்களை யார் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வருவாங்க, சொல்லுங்க?"

ரிஜிஸ்டரில் ஒரு மணி நேரம் கவனம் சிதறாமல் தேடினேனே, அது எப்படி என்று கேட்டேன். பிடித்துப்போனால் அப்படி ஒரேயடியாக மூழ்குவதும் இதில் உண்டாம். கவனம் இல்லாமல் இல்லை, அதை நான் சொல்கிற இடத்தில் நிறுத்த முடிவதில்லை, அவ்வளவுதான் என்றார்.

உடனே முடிவு சொல்ல மாட்டாராம். தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு எல்லாம் பார்க்க வேண்டும். சின்ன வயதிலேயே இருந்ததா என்று தெரிய வேண்டும். கேள்வித்தாள் ஒன்று கொடுத்தார். சிறு வயதில் என்னை அருகிலிருந்து பார்த்தவர் நிரப்ப வேண்டும்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன். பேசுவதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

26 ஜூலை, சனி

தைராய்டு ரிப்போர்ட்டை ஆட்டோவில் விட்டுவிட்டேன். மறுபடி வாங்கப் போக வேண்டும். மறதிக்கு வைத்தியம் பார்க்கவும் ஞாபகசக்தி வேண்டும் போலிருக்கிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

டேரிலைச் சிவாஜிநகர் டீக்கடையில் பார்த்தேன். ஒரு டீ குடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்தான், நான் சொல்வதை நாலு தடவை முடித்து வைத்தான். முப்பத்தொன்பது வயது, ஐந்தாவது வேலை. கேள்வித்தாளை நீட்டினேன்.

படித்துவிட்டு, எழப் போனவன் மறுபடி உட்கார்ந்தான். பிறகு, "அக்கா, நான் கத்துனேன், ஒடைச்சேன், எல்லாரும் ஓடி வந்தாங்க. நீ சும்னே, சத்தமே போடாம, ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்ப. நல்ல புள்ளைன்னு விட்டுட்டாங்க. எனக்கே இப்பத்தான் உறைக்குது" என்றான்.

மம்மி நிரப்புவாளா என்று கேட்டேன். "குடுத்துப் பாக்கறேன். மூஞ்சியில எறிஞ்சா எறியட்டும்."

15 ஆகஸ்ட், வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை. கடைசி பெஞ்சில் இருந்தேன். மம்மியின் முதுகு தெரிந்தது. நீலப் புடவை, டாடி எடுத்துக் கொடுத்தது. பூசை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

சிவாஜிநகரில் மாதா திருவிழா. காவிச் சேலையும் காவிச் சட்டையுமாக எத்தனை ஆயிரம் பேர். நாங்கள் நாலு பேரும் கைகோத்துப் போவோம், தொலைந்துபோவது நானும் டாடியும்தான். இன்று கூட்டம் தள்ளிக்கொண்டு போன பக்கமெல்லாம் போனேன். என்னைத் தேட யாருமில்லை.

20 செப்டம்பர், சனி

டேரில் கவரைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஒன்றரை மாசம் பைபிளுக்குள்ள வெச்சிருந்தாங்க. நேத்து உக்காந்து எழுதினாங்க. என்னைக் கிட்ட வர விடல."

மம்மியின் அதே பொடி எழுத்து. எக்ஸ்சேஞ்ச் லாக் புத்தகத்தில் எழுதுவது போல, தாள் முழுக்க ஒரே ஒரு அடித்தல்தான். சொல்வதைக் கேட்பது போலிருந்து கேட்காமல் இருப்பாரா? — மிக அடிக்கடி. பக்கத்தில் சின்னதாக: "நான்காம் வகுப்பு டீச்சர் காது டெஸ்ட் பண்ணச் சொன்னார்கள். பண்ணினோம். காது நன்றாக இருந்தது." இதையெல்லாம் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாள்?

பொருள்களைத் தொலைப்பாரா? — மிக அடிக்கடி. "குடை நான்கு. டிபன் பாக்ஸ் இரண்டு. ஸ்வெட்டர். கல்யாண மோதிரம்."

கல்யாண மோதிரத்தை மட்டும் அடித்திருந்தாள்.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான ஆறாவது மாதமே மோதிரத்தைத் தொலைத்தவர் டாடி. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் கீழே ஒரு வரி: "இந்தத் தாளில் இன்னொன்று அனுப்பு."

வேறு ஒன்றும் இல்லை. என் பெயர்கூட இல்லை.

22 செப்டம்பர், திங்கள்

ஸ்ரீவித்யாவின் ரிசப்ஷனில் நிரப்பாத கேள்வித்தாள் ஒன்று வாங்கி, இன்றே மம்மிக்குக் கூரியரில் அனுப்பினேன். ரசீதை இந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன்.

11 அக்டோபர், சனி

உறுதியாகிவிட்டது. கவனம் சிதறும் வகை, சின்ன வயதிலிருந்தே. "உங்க அம்மா எழுதினது ரொம்ப உதவியா இருந்தது" என்றார் ஸ்ரீவித்யா. மாத்திரைக்கு மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார். இது பரம்பரையாக வருமா என்று கேட்டேன். நிறையக் குடும்பங்களில் அப்படித்தான் என்றார்.

சந்தோஷப்படுவதா, நாற்பத்து மூன்று வருடத்துக்காக அழுவதா? இரண்டும் கொஞ்சம் நடந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மம்மியின் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

30 அக்டோபர், வியாழன்

காலை ஏழரைக்குப் போன். மம்மி. நாலரை மாதம் கழித்து.

"கல்லறைத் திருநாளுக்கு இறந்தவங்க பேரு இன்னிக்குள்ள குடுக்கணும். சீட்டு எழுது."

"டேரிலை விட்டுக் குடுக்கச் சொல்லு மம்மி. நான் வேணாம்."

"உன்னைத்தான் சொல்றேன். எழுதிட்டியா? கையில புடி. பைக்குள்ள போடாதே. அப்படியே கெளம்பு. லைன்லயே இரு, கட் பண்ணாதே."

ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் போன். ஆட்டோவில் ஏறினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பக்கம் குக்கர் விசில், என் பக்கம் ஹாரன். இடையில் ஒரு தடவை மட்டும், "எங்க இருக்க?" என்றாள். கோயில் வாசலில் உபதேசியார் யாரோ ஒரு ஆளை எனக்கு அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். "சீட்டு" என்றது போன். கொடுத்தேன். அவர் நோட்டில் எழுதுவதை நின்று பார்த்தேன்.

"குடுத்துட்டேன் மம்மி."

"சரி. வெச்சிடறேன்."

நாற்பத்து இரண்டு நிமிடம். போனில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸுக்கு மறுபடி லேட்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறையில் மழைத் தூறல். எங்களுடையதை டேரில் நேற்றே கழுவி வெள்ளையடித்திருந்தான். ஃபாதர் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பதற்கு முன் பெயர்களை வாசித்தார். நீளமான பட்டியல். தியோடர் என்று வந்தபோது மம்மி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மெழுகுவத்தி நின்று எரிவதற்கு நான் குடை பிடித்தேன். டேரில் தண்ணீர் எடுக்கப் போனான். மம்மி கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டாவது தாளை அவருக்குன்னு எழுதினேன். ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் டிக் விழுந்துச்சு. மூணு மணி நேரம் கழிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாரு பாரு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு செருப்பு அறுந்து கெடக்கு. அதை நான் உங்ககிட்டச் சொன்னதேயில்ல. நிக்க வெச்சதை மட்டும்தான் சொன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு என் மேல பிரியமில்லன்னே நெனச்சு வாழ்ந்துட்டேன்டி."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். தள்ளிவிடவில்லை.

மதியம் அவள் வீட்டில் சாப்பிட்டேன். டேரில் ஓயாமல் பேசினான், யாரும் அவனை அடக்கவில்லை. என் அறைக்குத் திரும்பி வந்து பார்த்தால் குடையைக் காணோம். கல்லறையிலா, ஆட்டோவிலா, ஞாபகமில்லை. மம்மிக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"குடை என்கிட்ட இருக்கு" என்றாள்.