ஐந்துக்கு மூன்று

1996 ஜனவரி 9, செவ்வாய்

மாலை ஆறரைக்கு என் எட்டுத் தறிகளையும் நிறுத்திவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். தறி ஓட்டுகிறவர்கள் டீ குடிக்கப் போவார்கள், நான் ஐரோப்பாவுக்குப் போவேன். சிற்றலையில் அரைமணி நேரம் தமிழ் ஒலிபரப்பு. இன்றும் ஒரே கரகரப்பு. செய்தி வாசிக்கும் அம்மாள் சொன்னதில் பாதிதான் பிடிபட்டது. நிலையத்துக்கு அனுப்பும் ரிசப்ஷன் ரிப்போர்ட்டில் ஒலித்தெளிவுக்கு ஐந்துக்கு இரண்டு போட்டேன். தீபாவளியிலிருந்தே இரண்டுதான். அதற்கு முன் நாலுக்குக் குறைந்ததே இல்லை.

எனக்கு இது இயற்கையாகப் படவில்லை. அக்டோபரில் நிலையத்தின் மடல் வந்தது. ஒரு பக்கம் முழுக்க டிஜிட்டல் ஒலிபரப்பைப் பற்றித்தான். லண்டனில் ஆரம்பித்தாயிற்றாம், ஸ்வீடனிலும் ஆரம்பித்தாயிற்றாம். இனி உலகம் பூராவும் வருமாம். சாட்டிலைட்டிலிருந்து நேராக இறங்குமாம், இரைச்சல் என்ற பேச்சே இருக்காதாம். ஆனால் அதற்குப் புது ரேடியோ வாங்க வேண்டும். அக்டோபரில் மடல், தீபாவளிக்குக் கரகரப்பு. என்னைப் பச்சைக் குழந்தை என்று நினைத்தார்களா? வேண்டுமென்றே பவரைக் குறைக்கிறார்கள்.

ஜனவரி 11

இன்றும் இரண்டு. மயிலாத்தாள் கேட்கிறாள்: "பால்ல தண்ணி, நூல்ல எடை கொறைவு, இப்ப காத்துலயும் கலப்படமாங்க?" சிரிக்கட்டும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து சிரிக்கிறாள்.

ஜனவரி 16

எங்கள் நிலத்தை ஒட்டிய பக்கத்துக் காட்டில் வெங்கடபதி தீபாவளிக்குத் திறந்த தறிக்குடோனைச் சுற்றிக் காட்டினார். முப்பத்திரண்டு தறி. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை தறிக்கு நூல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஜனவரி 21, ஞாயிறு

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் சிக்கந்தர் பாயின் தகரப்பெட்டிக் கடையில் எங்கள் வானொலி நேயர் மன்றக் கூட்டம். நான் தலைவர், அவர் செயலாளர், மன்றம் ஆரம்பித்த நாள் முதல். பதினோரு பேர் வந்திருந்தார்கள். நாளைக்கு நோன்பு தொடங்குகிறது, அதனால் இன்றே வைத்துக்கொண்டோம்.

நிலையத்தின் கடிதத்தை அவர்தான் படித்தார். இந்தியாவுக்கான சிற்றலை ஒலிபரப்பைத் தொடர்வதா, அதை விட்டுவிட்டு டிஜிட்டலுக்குத் தயாராவதா என்று கோடைக்குள் முடிவு செய்வார்களாம். நேயர்களின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துத்தான் முடிவாம்.

நான் எழுந்து சொன்னேன்: பவரைக் குறைத்து நம்மைப் பழக்கப்படுத்துகிறார்கள். டிஜிட்டல் வந்துவிட்டால் பூட்டு அவர்கள் கையில். இன்றைக்கு இலவசம், நாளைக்குச் சந்தா. ஆகவே உள்ளதை உள்ளபடி, கறாராக மார்க் போடுவோம். கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்தால் தன்னால் பவரை ஏற்றுவார்கள்.

சிக்கந்தர் பாய் காதைச் சொறிந்துகொண்டு, "எங்க மொட்டைமாடில கண்ணாடியாட்டத்தானுங்கண்ணா வருது. நான் அஞ்சு போட்டுட்டிருக்கேன். ஒருக்கா வந்து கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

ஐந்தா? அவிநாசிப் பக்கம் இரண்டு, கோயமுத்தூரில் ஐந்தா? நடுவில் என்ன, கடலா இருக்கிறது? இருபத்தைந்து மைல். போகவில்லை. போனால் வேறு ஏதாவது ஸ்டேஷனை வைத்துக் காட்டினாலும் காட்டுவார்.

கடைச் சுவரில் ஒரு டிஜிட்டல் ரேடியோவின் வண்ணப்படம் ஒட்டியிருந்தது. நிலையம் அனுப்பியதாம். எனக்கு ஏன் அனுப்பவில்லை?

பிப்ரவரி 3

ரேடியோவை மாற்றிப் பார்த்தேன். ஏரியலைத் தென்னை மரம் வரைக்கும் இழுத்துக் கட்டினேன். இரண்டு.

பிப்ரவரி 11, ஞாயிறு

செயலாளரின் ரிப்போர்ட்டுகளுக்கு ஒரு கார்பன் காப்பி தலைவருக்கு வர வேண்டும் என்பது மன்றத்தின் விதி. இரண்டு வாரக் காப்பி இன்று வந்தது. எல்லாம் ஐந்து! தேதி போட்டு, நேரம் போட்டு, ஆறு முப்பத்திரண்டுக்கு என்ன செய்தி, ஆறு நாற்பதுக்கு என்ன பேட்டி என்று ஒன்று விடாமல்.

இப்போது கேட்கிறேன்: நோன்பு திறக்கிற நேரம் என்ன? ஆறரைதானே? நாளெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷன், கஞ்சியைக் கையில் எடுக்கிற நேரத்தில் ரேடியோவில் காதை வைத்துக் குறிப்பு எடுத்தாராம். யாரிடம் கதை விடுகிறார்? கேட்காமலே எழுதுகிறார். மற்ற மன்றத்துக்காரர்களிடம் விஷயத்தை வாங்கி ஒப்பேற்றுகிறார். எதற்காக? அந்தப் படத்தில் இருக்கிற ரேடியோவைக் கொடுப்பதாக யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மயிலாத்தாளிடம் சொன்னேன். "அந்த பாயிங்களா? போன வருசம் நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தெனமும் ரேடியோவத் தூக்கிட்டு வந்தாரே, அவருங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது வேறு, இது வேறு.

பிப்ரவரி 12

நிலையத்தின் தமிழ்ப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். சிக்கந்தரின் ரிப்போர்ட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நோன்பு திறக்கிற நேரத்தில் அவர் கேட்காமல் எழுதுவதாக ஐயப்பட இடமிருக்கிறது, தலைவர் என்ற முறையில் தெரிவிப்பது என் கடமை என்று. உள்ளூர்ப் போஸ்ட்மேன் வாய் நீளமானவர். பஸ் ஏறி அவிநாசி போய்ப் போட்டேன்.

வரும்போது மனசு ஒரு மாதிரி இருந்தது. வெயில்தான்.

மார்ச் 20, புதன்

பதில் வந்தது. நாலு வரி. "தங்கள் கடிதத்தைக் கவனத்தில் கொண்டோம். உரியவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்." உரியவர் என்றால்? என் பெயரைச் சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய நிலையம், நாகரிகம் தெரிந்தவர்கள்.

மார்ச் 31

கூட்டம். சிக்கந்தர் பாய் வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்தார். புதுக் கார்பன் காப்பிகளைப் பார்த்தேன். செய்தி, பேட்டி எல்லாம் எழுதியிருக்கிறார். ஒலித்தெளிவு என்ற கட்டம் மட்டும் காலி. மாட்டிக்கொண்டதும் அடங்கிவிட்டார் பார்.

ஏப்ரல் 10, புதன், பகல்

இன்று காலை முதல் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிக்காரர்கள் எல்லோரும் ஸ்டிரைக். சுற்று வட்டாரம் முழுக்கத் தறி நின்றுவிட்டது. கோயமுத்தூரிலிருந்து வந்த கொழுந்தியாள், "ஏனுங்க மாமா, ஊரே இழவு ஊடாட்டம் இருக்குது" என்றாள். எங்களுக்குத் தறிச் சத்தம் சத்தமே இல்லை. நின்றால்தான் காது அடைக்கிறது.

அதே நாள் இரவு

ஐந்து!

அந்த அம்மாள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. பேப்பர் புரட்டுவது கேட்கிறது. மயிலாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தானே இருக்குது, அப்பறமென்ன?" என்றாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது! என் கடிதம் வேலை செய்துவிட்டது. பயந்துபோய் பவரை ஏற்றிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் மூன்று போட்டேன். ஐந்து என்று சந்தோஷப்பட்டால் அடுத்த வாரமே பழையபடி இறக்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 17

இன்றும் ஐந்து கேட்டது. இன்றும் மூன்று போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதை மாற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. நல்லதுக்குத்தான்.

ஏப்ரல் 24, புதன்

இன்றே எழுதிவிடுகிறேன்.

பேச்சுவார்த்தை முடிந்து இன்று மாலையில் ஸ்டிரைக் வாபஸ். நான் ஆறரைக்கு உட்கார்ந்தேன். கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது. ஆறு நாற்பது இருக்கும். வெங்கடபதி குடோனில் மெயினைப் போட்டார்கள். தறி ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது. அந்த அம்மாளின் குரல் மேல் கரகரவென்று மண்ணை வாரிக் கொட்டின மாதிரி - ஒரு தறிக்கு ஒரு பிடி. முப்பத்திரண்டும் ஓடியபோது குரலே இல்லை.

எழுந்து ஓடினேன். வெங்கடபதி, "என்னாச்சுங்க, பாம்பு கீம்பா?" என்றார். ஒரே ஒரு நிமிஷம் மெயினை அணைக்கச் சொன்னேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தபடி அணைத்தார். தட்டுத்தடுமாறி ஓடிவந்து கேட்டேன். ஐந்து. மறுபடி போட்டார். ஒன்றுமில்லை.

அட, நான் ஒரு கூமுட்டை! என் தறியை நான் நிறுத்துகிறேனே, அதுவே போதும் என்று இருந்துபோட்டேன். பக்கத்துக் காட்டு மோட்டார் காதுக்கே உறைக்கலையே! தீபாவளிக்குக் குடோன் திறந்தான், தீபாவளிக்குக் கரகரப்பு வந்துது. ஐரோப்பாவுல எவனோ பவரைக் குறைக்கறான்னு இத்தனை மாசம்...

சிக்கந்தர் எழுதினது அத்தனையும் நெசம்.

ஏப்ரல் 25

நிலையத்துக்கு எழுதினேன். இரைச்சல் முழுக்க எங்கள் ஊர் மோட்டார்களால் வந்தது, உங்கள் ஒலிபரப்பில் குறை இல்லை, சிக்கந்தரின் மார்க்குகளே சரி, என்னுடையவற்றைத் தள்ளிவிடவும் என்று. ஏப்ரல் ரிப்போர்ட்டுகளைப் பற்றித் தனியாக ஒன்றும் எழுதவில்லை. தள்ளச் சொல்லியாயிற்றே.

இந்த முறை உள்ளூர்ப் போஸ்ட் ஆபீஸிலேயே போட்டேன். எத்தனை நாளில் போகும் என்று கேட்டதற்கு, பன்னிரண்டு நாள் என்றார் போஸ்ட்மேன்.

மே 13, திங்கள்

அவர்களின் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் 29 என்று தேதி போட்டிருக்கிறது. என் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே எழுதியது.

மே 31-உடன் தெற்காசியச் சிற்றலை ஒலிபரப்பு நிற்கிறது. இன்னும் சில வருஷங்களில் சாட்டிலைட் வழியாக டிஜிட்டலில் சந்திப்பார்களாம். உலகமே அந்தப் பக்கம் போகிறதாம். கடைசிப் பத்தியை இங்கே எழுதி வைக்கிறேன்: "சிற்றலை இனிமேல் தரமான சேவையாக இருக்காது என்ற முடிவுக்கு வர, குறிப்பாகத் தங்களின் கண்டிப்பான, இடைவிடாத ரிப்போர்ட்டுகள் பெரிதும் உதவின. நன்றி."

கூடவே டிஜிட்டல் ரேடியோவின் வண்ணப்படம் ஒன்று. எனக்கும் அனுப்பிவிட்டார்கள்.

மே 14

சாப்பிடவில்லை. மயிலாத்தாள் இன்று சிரிக்கவில்லை.

மே 31, வெள்ளி

கடைசி நாள். சிக்கந்தர் பாய் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அவரும் அவர் மனைவி சித்திகாவும் பாய் விரித்து ரேடியோவை நடுவில் வைத்திருந்தார்கள். நோன்பு மாசத்திலும் இப்படித்தானாம், ஒரு கையில் கஞ்சி, பக்கத்தில் ரேடியோ. ஆறரை. அவர் சொன்னது உண்மை, ஒரு கீறல் இல்லை. அந்த அம்மாள் நன்றி சொன்னாள், நேயர்கள் சிலர் பெயரை வாசித்தாள். சென்னிமலை, சிக்கந்தர் என்று எங்கள் இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து வந்தது. பிறகு இசை. பிறகு வெறும் காற்று. சித்திகா அழுதுவிட்டு டீ எடுத்துவரக் கீழே போனார்.

நான் சொன்னேன். பிப்ரவரியில் கடிதம் எழுதினதை, நோன்பு நேரத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று எழுதினதை, தறி மோட்டாரை, எல்லாவற்றையும். அவர் முகத்தைப் பார்க்காமல் ரேடியோவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியுமுங்கண்ணா" என்றார். "மார்ச்லயே அவங்க உங்க கடிதத்தோட காப்பிய எனக்கு அனுப்பிச்சு, என்ன சொல்றீங்கன்னு கேட்டிருந்தாங்க."

"அப்பறம் ஏனுங்க பாய் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னத்தைக் கேக்கறதுங்க? இருவத்திரண்டு வருசத்துல நீங்க ஒரு நாளாச்சும் கூட்டிக் கொறைச்சு எழுதியிருக்கீங்களா? நீங்க ரெண்டுன்னா அது ரெண்டுதான். எங்காதுதான் மங்கிப்போச்சாட்டம் இருக்குதுன்னு காது டாக்டருகிட்டக் கூடப் போய்ட்டு வந்தேன். காது சரியாத்தான் இருக்குதுன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் நம்பிக்கை வரல. அதுலிருந்து மார்க்கே போடறதில்லைங்க."

அவங்களுக்கு என்ன எழுதினீங்க என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சென்னிமலையண்ணன் தப்பா எழுதற ஆளில்லைங்க, அவரு மார்க்கையே வெச்சுக்குங்கன்னு எழுதிப்போட்டேன்."

டீ வந்தது. குடித்தோம். ஏழரை பஸ்ஸுக்கு அவரே வந்து ஏற்றிவிட்டு, "மன்றத்தை உட்டுறாதீங்கண்ணா, வேற ஸ்டேஷன் பார்ப்போம்" என்றார்.

எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. அதற்கு மட்டும் வாய் வரவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். ஏப்ரல் 10 முதல் 23 வரை, பதினான்கு நாள், எனக்குக் கேட்டது ஐந்து. நான் போட்டது மூன்று.