தலைகீழாகப் படித்த வரி

அன்பு மகளுக்கு,

இங்கே உன் அப்பா நலம். நான் நலமா என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதனால் அதை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் என் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, “பயப்படாதீங்கம்மா, பழைய மாத்திரையே போதும்” என்றார். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்த்தவளுக்குத் தலைகீழாகப் படிக்க வரும் என்பது அவருக்குத் தெரியாது, பாவம். உனக்குமா மறந்துபோனது? மார்பிலிருந்து எடுத்த புற்று இப்போது எலும்பில் தலைகாட்டுகிறது என்று ஒரு வரி. புதிய செல் சிகிச்சைச் சோதனையில் சேரத் தகுதி உண்டு என்று ஒரு வரி. அதன் கீழே, மகள் ஃபோனில் மறுத்துவிட்டார், நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் என்று இன்னொரு வரி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

யாரைக் கேட்டுடி மறுத்தாய்? வீட்டுக்கு வந்து உன் அப்பாவை உலுக்கினால், “அவதான் சொல்லாதேன்னா” என்று திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கிறார். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் ஃபோனில் எனக்குப் பாடம் நடத்தியவள் நீதானே? கீமோவில் கட்டி கரையும், ஆனால் உள்ளே தூங்குகிற புற்றின் ஸ்டெம் செல், விதை மாதிரி, அது சாகாது, மருந்து ஓய்ந்ததும் மறுபடி முளைக்கும், அதனால் நோயாளியின் ரத்தத்திலிருந்தே காவல் செல்களை எடுத்து, அந்த விதையை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப உடம்புக்குள் விடுவோம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாயே. ஊரார் அம்மாவுக்கு நல்லது, உன் அம்மாவுக்கு மட்டும் ஆகாதா? அந்தச் செல்கள் வெறிபிடித்து நல்ல உறுப்பையும் தாக்கலாம், காய்ச்சலில் ஆளே போகலாம், உன் ஆய்வுக்கூடத்து எலிகளில் பாதி அப்படித்தான் போயின என்று நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறதென்று சொல்லியிருக்கலாம். எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, நான் எலி இல்லை. நேற்று உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு நானே போய் நின்றேன். டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டார். குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சம்மதப் படிவத்தின் பதினெட்டுப் பக்கத்தையும் படித்து, நாலு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்து, கையெழுத்துப் போட்டேன். பதினாறாம் தேதி ரத்தம் எடுக்கிறார்கள், செல் தயாராக ஒரு மாதம் ஆகுமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கீறல் விழுந்த கண்ணாடியை மாற்று. என்னைவிட நீண்ட நாள் நன்றாக இரு, கோபத்தில் சொன்னாலும் பெற்றவள் ஆசி பலிக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வை. செல்களை ஏற்றிய பிறகு ஒரு மாதம், காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டுமாம். படிவத்தில் உடனிருப்பவர் என்ற கட்டத்தை நிரப்ப உன் அப்பா பேனாவை எடுத்தார். அதைப் பிடுங்கி உன் பெயரை எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

தன் கையெழுத்தைத் தானே போடத் தெரிந்த,
உன் அம்மா