செலஸ்தீனம்மாள் கொடுத்த சவரக்கத்தி

1946 ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று மைத்துனன் செல்லையாவை அடிக்காமல் விட்டதே பெரிய காரியம்.

பழைய சவரக்கத்திகளைச் சீராக்குவதில் எனக்குள்ள பைத்தியம் ஊருக்கே தெரியும். கடலில் சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத தன் புருஷனின் கத்தியைச் செலஸ்தீனம்மாள் என்னிடம் கொடுத்திருந்தாள். மகன் கல்யாணத்தன்று அவனுக்கு அதில்தான் சவரம் செய்ய வேண்டுமாம். எண்ணெய்த் துணியால் துருவை மட்டும் மெல்ல எடுத்தேன். அலகில் படிந்திருந்த கருநீலத்தைத் தொடவில்லை. அந்த நிறம் ஏற ஓர் ஆயுசு வேண்டும்.

நான் துறைமுகத்துக்குப் போன நேரத்தில் செல்லையா புளியும் செங்கல் பொடியும் போட்டு அதைத் தேய்த்துவிட்டான்.

"ஏலே, உன்ன யாருல தேய்க்கச் சொன்னா?"

"கருப்படிச்சுக் கெடந்துச்சு அத்தான். இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னுது."

நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோதே செலஸ்தீனம்மாள் வந்துவிட்டாள். கத்தியை நீட்டினேன். விரித்துப் பார்த்தவள் அழுதுவிட்டாள்.

"எங்க கல்யாணத்தப்ப இப்படித்தான் மின்னுச்சு அண்ணாச்சி. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் படியிறங்குவதற்குள் செல்லையா கேட்கிறான், மற்றக் கத்திகளையும் தேய்க்கட்டுமா என்று. கத்திப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.