ஒரே கணினியில் இரண்டு குடித்தனம்

மார்ச் 3, திங்கள்

ஆபீசில் சுற்றறிக்கை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பழைய சிஸ்டம் ஓடும் கணினிகளை ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்க்க மாட்டார்களாம். பாதுகாப்பு போதாதாம். என்னுடையதில் ஓடுவது அதுதான். அடுத்த பதிப்பை ஏற்றலாமென்றால் கணினிக்கு வயதாகிவிட்டது, தாங்காது.

கம்ப்யூட்டர்காரரிடம் கேட்டேன். எதையும் "மெதுவா, மேடம்" என்று ஆரம்பிப்பவர். ஆபீசில் அவர் பெயரே மெதுவா. "பழசை எடுக்க வேணாம். பக்கத்துலயே இலவச சிஸ்டம் ஒண்ணு போட்டுக்கலாம். ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். ஆன் பண்ணும்போது யாரு வரணும்னு கேக்கும், நீங்க சொல்ற ஆளு வரும்."

பழசை எடுக்கவும் முடியாது. சட்டைத் தொழிற்சாலைத் தீவிபத்துச் செய்திக்காக நான் பதிவு செய்த பத்தொன்பது பேட்டிகளும் அதில்தான். கேட்டு எழுதும் மென்பொருளும் அதில் மட்டுமே ஓடும். தொழிற்சாலை முதலாளி எங்கள் பத்திரிகை மேல் போட்ட மானநஷ்ட வழக்கு 28ஆம் தேதி. வக்கீலுக்கு 14க்குள் எல்லாம் வேண்டும், முக்கியமாக ஒன்பதாவது பேட்டி. இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்த அம்மா பேசியது. அலாரத்தை நிறுத்தச் சொன்னது முதலாளிதான் என்பதைக் காதால் கேட்டவர் அவர் ஒருவர்தான். போன வருஷம் காலமாகிவிட்டார்.

வக்கீல் சொன்னது: "ரெக்கார்டிங் இருந்தா நிப்போம். இல்லேன்னா அந்தம்மா சொன்னது பொய்னு போட்டு வருத்தம் தெரிவிக்கணும். அதை நீங்கதான் எழுதணும்."

மார்ச் 5, புதன்

பென் டிரைவில் நகல் எடுத்தேன். பத்தொன்பது பெயர்களையும் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தன.

மார்ச் 8, சனி

மெதுவா எழுதிக் கொடுத்த தாளில் பதினோரு படிகள். ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போனேன். இரண்டாவது படி: 'டிஸ்க் பூட்டியிருந்தால் திறந்துவிட்டுத் தொடங்கவும்.' பாஸ்வேர்டு போட்டேன், திறந்தது. டிக்.

ஏழாவது படியில் நின்றுவிட்டேன். 'எல்லாவற்றையும் அழித்து நிறுவு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'பக்கத்தில் நிறுவு'. மேல் வரியில்தான் ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தது. யார் இப்படி வைக்கிறார்கள்?

மகள் பின்னால் நின்று, "மூச்சு விடும்மா. நீ பண்றதைப் பாத்தா வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கிற மாதிரி இருக்கு," என்றாள். கீழ் வரியை அழுத்தினேன். மதியம் இரண்டு நாற்பதுக்குப் புது சிஸ்டம் வந்தது. அழகாகத்தான் இருந்தது.

அதே நாள், நான்கு மணி

பழசைத் திறந்தேன். நீலத் திரை. நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண் கேட்கிறது. அப்படி ஒரு எண் என்னிடம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. பதற்றத்தில் அமைப்புகளுக்குள் போய் எதையோ மாற்றினேன். 'பாதுகாப்புச் சில்லை மீட்டமைக்கவா?' என்றது. மீட்பது நல்லதுதானே என்று சரி சொன்னேன். ஏன் சொன்னேன்?

பென் டிரைவைத் திறந்தேன். பத்தொன்பது கோப்புகள், மொத்தம் மூன்று எம்பி. இருபது மணி நேரப் பேச்சு மூன்று எம்பியில் எப்படி அடங்கும்? என் குறிப்புகள் மட்டும்தான் வந்திருக்கின்றன. குரல் எதுவும் வரவில்லை. முப்பத்தொரு வருஷமாக எண்ணைச் சரிபார்க்காமல் ஒரு செய்தி அனுப்பியதில்லை. இதில் பெயரை எண்ணினேன், அளவைப் பார்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

மெதுவா வீட்டுக்கு வந்தார். ஒரு மணி நேரம் பார்த்தார்.

"டேட்டா பத்திரமா இருக்கு, மேடம். யாராலும் தொட முடியாத அளவுக்குப் பத்திரமா இருக்கு."

நான் பூட்டு என்று நினைத்தது பாஸ்வேர்டை. அவர் எழுதியது வேறு பூட்டு: டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் சங்கேதமாக்கி வைப்பது. அதைத் திறக்காமல் துவக்க அமைப்பை மாற்றியதும் கணினி என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டதாம். நீலத் திரையோடு விட்டிருந்தால்கூடப் பழையபடி மாற்றியிருக்கலாம். அந்தப் பூட்டின் சாவியை வைத்திருந்த சில்லை நான் மீட்டமைத்ததோடு அந்த வழியும் போயிற்று. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டா என்று கேட்பதுதான் என் தொழில்.

"கம்ப்யூட்டரை மொதல்ல யாரு செட் பண்ணாங்க? அவங்க கணக்குல அந்த நம்பர் இருக்கும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

செட் பண்ணியது மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில், அத்தைக்கு என்று அவரே வாங்கி வந்து, அவர் கணக்கிலேயே தொடங்கிக் கொடுத்தார். மகள் அந்த வீட்டை விட்டு வந்து பதினாலு மாதம். விவாகரத்து வழக்கு நடக்கிறது. நம் பக்கத்திலிருந்து யாரும் அவரோடு பேசுவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மெதுவா போனதும் சொன்னாள்: "அவன்கிட்ட மட்டும் போகாதம்மா. நூல் கிடைச்சா போதும், அதைப் பிடிச்சுக்கிட்டே உள்ள வந்துடுவான்."

சரி என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வக்கீல் கேட்டார். தருகிறேன் என்றேன். எதை?

மார்ச் 12, புதன்

வருத்தம் தெரிவிக்கும் வாசகத்தின் வரைவை வக்கீல் அனுப்பிவிட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. நான்கு வரி. 'அவர் கூறியது உண்மைக்குப் புறம்பானது என அறிகிறோம்.' அறிகிறோமா? பதின்மூன்று பேர் செத்த இடத்திலிருந்து வெளியே வந்த பொம்பளை. கையில் கட்டோடு என் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினாள். அவளைப் பொய்க்காரி என்று நான் என் கையால் எழுதணுமா?

தாள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. மகள் எடுத்துப் படித்தாள்.

"இந்தம்மா யாரு?"

சொன்னேன். பேட்டி முடிந்ததும் அவர் கேட்டதையும் சொன்னேன்: "நான் சொன்னதை அப்படியே போடுவீங்கல்ல, மாத்த மாட்டீங்கல்ல?" மாற்ற மாட்டேன் என்றிருந்தேன்.

மகள் தாளை மடித்து வைத்தாள். தட்டைக் கழுவினாள். வெகு நேரம் கழித்து, "அவன்கிட்ட ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு. நானும் பக்கத்துல இருப்பேன். ஆனா பேச மாட்டேன்," என்றாள்.

மார்ச் 13, வியாழன்

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன்.

"அத்தை?" என்றார். பிறகு, "அவ நல்லா இருக்காளா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு மட்டுந்தான் கூப்பிட்டீங்களா?"

"இதுக்கு மட்டுந்தான், மாப்பிள்ளை."

கணக்கைத் திறந்து எடுத்தார். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொன்றையும் அவர் படிக்க, நான் எழுதித் திருப்பிப் படித்தேன். நான்காவது முடிந்ததும் நிறுத்தினார்.

"பாதி குடுத்துட்டேன், அத்தை. ஒரே ஒரு தடவை அவகிட்ட போனைக் குடுங்க. மீதியைச் சொல்றேன்."

பேனா கையில் இருந்தது. தாளில் இருபத்து நாலு எண்கள். மறுநாள் கெடு. மகள் எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம், மாப்பிள்ளை," என்றேன். "வெச்சுடறேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த இஸ்திரி அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. போனை அணைக்கக் கையை நீட்டினேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"மீதியைப் படி."

படித்தார். இருபத்து நாலையும் நிறுத்தாமல், அடங்கிய குரலில். நான் திருப்பிப் படித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். "இருக்காளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான்.

பதினொன்று பத்துக்குப் பழைய சிஸ்டம் திறந்தது. ஒன்பதாவதை முழுக்கக் கேட்டேன். பிறகு மூன்று இடங்களில் நகல். மூன்றையும் திறந்து கேட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வக்கீலிடம் கொடுத்தாயிற்று.

மார்ச் 29, சனி

நேற்று நீதிமன்றத்தில் ஒன்பதாவது பேட்டியைப் போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். இன்று மதியம் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

மகள் கடைக்குப் போய் சிம் மாற்றிக்கொண்டு வந்தாள். பதின்மூன்றாம் தேதியிலிருந்து பழைய எண்ணுக்கு மாப்பிள்ளையிடமிருந்து அறுபத்திரண்டு அழைப்புகளாம். எண்ணி வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து அவள் வைத்திருந்த எண். புது எண் எனக்கு இன்னும் மனதில் நிற்கவில்லை. எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.